தாயின் கையிருப்பும் சிசுவின் எலும்பும்

(பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



பால் வரவு, தீவனக் கடன், தவணை பாக்கி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே என் உத்தியோகத்துக்கு உரிய காரியம். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம், கருவிலிருக்கும் சிசுவின் எலும்பும், பிறந்த குழந்தையின் எலும்பும் உறுதிப்படும் விதத்தைப் பற்றியது. இதற்கும் பால் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. சங்கம் ஏற்பட்ட ஊர்களில் இரு வேளைப் பாலும் நேரே சங்கத்துக்கு வந்து சேருகிறது. அதனால் வீட்டில் ரொக்கம் புழங்குகிறது; அது நன்மையே. ஆனால் மாட்டுக்குப் புல் அறுத்து, தண்ணீர் காட்டி, பாலைக் கறந்து அனுப்பும் பெண் கர்ப்பிணியாயிருக்கும்பொழுது, அவளுக்கு ஒரு டம்ளர் பாலாவது வீட்டில் நின்றதா என்பதை எந்தப் பேரேடும் காட்டுவதில்லை. அந்த எழுதப்படாத கணக்கைத்தான் இன்று உங்கள் முன் விரித்து வைக்க விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். வைத்திய சாஸ்திரம் நிச்சயமென்று கண்டவற்றை, கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் எடுத்துச் சொல்லுகிறேன்.

எலும்பு உண்டாகும் விதம்

கருவில் எலும்பு முதலில் எலும்பாக உண்டாவதில்லை. பெரும்பாலும் அது குருத்தெலும்பாக, இளம் பனங்குருத்தைப் போல் மெத்தென்று உருவாகிறது. இரண்டாம் மாதம் முதற்கொண்டே அதில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்ஷியமும், பாஸ்பரஸ் என்னும் சத்தும் சிறிது சிறிதாகப் படிந்து அதைக் கெட்டிப்படுத்துகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தேகத்தில் ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் கால்ஷியம் இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேதான் சேருகிறது. அதாவது, அம்மாதங்களில் நாள் ஒன்றுக்குச் சராசரி 250 மில்லிகிராம் வீதம் தாயின் இரத்தத்திலிருந்து சிசுவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வயிற்றில் குழந்தை உதைப்பதும் வீண் அல்ல. கை கால்களை அசைத்து உதைப்பதனாலேயே அவ்வெலும்புகள் தடித்து உறுதிப்படுகின்றன.

ஆறு மாதம் வரையில் அலட்சியமாயிருந்துவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. கடைசி மூன்று மாதங்களில் பெருந்தொகை எடுக்கப்படப்போகிறதென்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அதற்கு வேண்டிய இருப்பை முதலிலேயே சேர்க்கவேண்டும் என்பதே பொருள்.

கையிருப்பு எங்கே இருக்கிறது?

வளர்ந்த ஒரு பெண்ணின் தேகத்தில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கால்ஷியம் உண்டு. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. இதுவே அவளுடைய சேமநிதி. ஈசுவர சிருஷ்டியின் விசித்திரம் யாதெனில், கர்ப்பமுற்ற பெண்ணின் குடல், உண்ணும் ஆகாரத்திலிருந்து வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு கால்ஷியத்தை உறிஞ்சிக் கொடுக்கிறது. ஆகையால் ஆகாரத்தில் போதிய சத்து இருந்தால், சிசுவின் தேவை அன்றாட வரவிலிருந்தே பெரும்பாலும் தீர்ந்துபோகும். வரவு குறைந்தால், சிசு கேட்பதைத் தாயின் எலும்பு கொடுக்கும். சிசு கடன் கேட்டு மனுப் போடுவதில்லை, தாயும் மறுப்பதில்லை. பால் கொடுக்கும் மாதங்களிலும் அப்படியே: நாள்தோறும் சுமார் 200 மில்லிகிராம் கால்ஷியம் தாய்ப்பாலில் கலந்து போகிறது. அதற்காகத் தாயின் எலும்பு சிறிது இளைத்து, குழந்தை பால் மறந்தபின் மெல்ல மெல்ல மீள்கிறது. அடுத்தடுத்து இடைவெளியின்றிப் பிள்ளைப்பேறு நேரிடும் பெண்ணுக்கு அந்தத் தவணையை நிரப்பக் காலமே கிடைப்பதில்லை.

வெயிலின் வேலை

கால்ஷியம் மட்டும் இருந்தால் போதாது. குடலிலுள்ள கால்ஷியம் இரத்தத்தில் சேருவதற்கு 'டி' வைட்டமின் என்னும் ஜீவசத்து வேண்டும். பணம் பெட்டியில் இருந்தும் சாவி இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? அந்தச் சாவி இதுவே. நம் ஆகாரத்தில் இது மிகக் குறைவு. சூரிய கிரணம் தோலின்மேல் படும்பொழுது தேகம் தானே இதை உண்டாக்கிக்கொள்ளுகிறது. சிசு தனக்கென்று இதைச் செய்துகொள்ள முடியாது. தாயின் இரத்தத்தில் உள்ளதைப் பொறுத்தே அதற்குக் கிடைக்கும். தாய்க்கு இல்லாவிட்டால் பிள்ளைக்கும் இல்லை.

நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஊரில் வெயில் இருப்பது வேறு. பெண்ணின் தோலில் அது படுவது வேறு. இந்தச் சத்தை உண்டாக்கும் கிரணம், சூரியன் உயர ஏறிய பின்னரே போதிய அளவில் பூமிக்கு வந்து சேரும். விடியற்கால இளவெயிலில் அது மிகக் குறைவு. கண்ணாடியையும் துணியையும் கடந்தும் அது வருவதில்லை. நாள் முழுதும் அடுப்பங்கரையிலோ, ஆலையிலோ, தையல் இயந்திரத்தின் முன்னோ இருக்கிற பெண், வெயில் காயும் நாட்டிலே வெயில் அறியாதவளாகிறாள். கறுத்த தோலுக்கு அதிக நேர வெயில் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

பிற இடங்களிற் கண்டது

இதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. காஷ்மீரத்தில் ஸ்ரீநகரில் வைத்தியம் செய்த டாக்டர் காத்லீன் வாகன் என்னும் மாது, கோஷா முறையில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்த பெண்களுக்கு எலும்பு மெலிந்து இடுப்பெலும்பு குறுகிப் பிரசவம் அபாயமாவதையும், படகிலும் வயலிலும் வெயிலில் உழைக்கும் ஏழைப் பெண்களுக்கு அக்கஷ்டம் நேராததையும் கண்டு, 1928 ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். அக்காலத்திலேயே வட சீனத்தில், பீக்கிங் வைத்தியக் கலாசாலையில் பிரசவ வைத்தியப் பேராசிரியராயிருந்த டாக்டர் மாக்ஸ்வெல், எலும்புருக்கம் கண்ட தாய்மாருக்குப் பிறந்த சிசுக்களிற் சில, பிறக்கும்பொழுதே கணை என்னும் எலும்பு வியாதியோடு பிறந்ததை எடுத்துக் காட்டினார். தாயின் குறை கருவிலேயே பிள்ளையைத் தொடும் என்பது இதனால் நிரூபணமாயிற்று.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடவாமலில்லை. நீலகிரியில் குன்னூரில் 1918 ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிஸன் என்பவர் சிறு அளவில் தொடங்கிய ஆகார ஆராய்ச்சிசாலை, 1958 ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. அவ்விடத்து வைத்தியர்கள், போஷணை குறைந்த கர்ப்பிணிகளுக்குத் தினமும் கால்ஷியம் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய சிசுக்களின் எலும்பு, கொடுக்கப்படாதவர்களின் சிசுக்களுடையதைவிட அடர்த்தியாயிருந்தது என்று 1978 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புனா நகரத்தை அடுத்த கிராமங்களில், கர்ப்ப காலத்தில் பால், பருப்பு, கீரை முதலிய ஆகாரங்களை அடிக்கடி உண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறாம் வயதிலும் எலும்பில் சத்து அதிகமாயிருந்தது என்று 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் நம்மைப் போன்ற கிராமவாசிகளே.

இதற்கு மறுபக்கத்தையும் சொல்லவேண்டியது நேர்மை. ஆப்பிரிக்காவில் காம்பியா தேசத்துக் கிராமப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் தினம் 1500 மில்லிகிராம் கால்ஷியம் கொடுத்தும், அவர்களுடைய குழந்தைகளின் எலும்பில் விசேஷ வித்தியாசம் தென்படவில்லை என்று அதே 2006 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1000 அலகு 'டி' வைட்டமின் கொடுத்துச் செய்த ஒரு பெரிய பரிசோதனையில், பிறந்த குழந்தைகளைப் பொதுவாக எடுத்துப் பார்க்கும்பொழுது வித்தியாசம் இல்லை. வெயில் குறைந்த குளிர்காலத்தில் பிறந்தவர்களிடத்தில் மட்டும் நன்மை தெரிந்தது. அது 2016 ஆம் ஆண்டு வெளியான முடிவு. இவற்றிலிருந்து நாம் அறியவேண்டியது என்ன? குறை உள்ள இடத்தில் நிரப்பினால் பலன் உண்டு. அளவுக்கு மேல் கொட்டுவதனால் பலன் இல்லை. ஆகையால் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆகாரக் கணக்கு

மேற்சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி, கர்ப்பிணிக்கு நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராமும், பால் கொடுக்கும் தாய்க்கு 1200 மில்லிகிராமும் கால்ஷியம் வேண்டும். இனி வரவைப் பாருங்கள். அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான் உண்டு. மூன்று வேளையும் சோறும் ரசமுமாக உண்ணும் பெண்ணுக்கு அரிசியினாற் கிடைப்பது 40 அல்லது 50 மில்லிகிராமே. பசும்பால் அரை லிட்டரில் 600 மில்லிகிராம் உண்டு. கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்தாலே 950 ஆயிற்று. ஒரு பிடி முருங்கைக்கீரையும் பருப்பும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். பால் பிடிக்காதவர்கள் தயிராக உண்ணலாம். மோராக்கினால், ஊற்றிய தண்ணீருக்குத் தக்கபடி அளவைக் கூட்டிக்கொள்ளவேண்டும். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அதிலுள்ள சத்து தேகத்தில் நன்றாய்ச் சேரும். எள்ளிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. மீன் உண்பவர்கள் நெத்திலி போன்ற சிறு மீன்களை முள்ளோடு உண்பது நல்லது.

சுண்ணாம்புச் சத்து என்றவுடன் வெற்றிலைச் சுண்ணாம்பை நினைக்கவேண்டாம். பாக்கும் புகையிலையும் சேர்ந்த தாம்பூலம் கருவின் வளர்ச்சியைக் குறைத்துவிடும். பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டம் என்று எண்ணி மருமகளின் ஆகாரத்தைக் குறைக்கும் வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. இது பெருந்தவறு. ஆகாரத்தைக் குறைப்பதனால் பிரசவம் சுலபமாவதில்லை. பிள்ளை நோஞ்சானாகப் பிறப்பதே கண்ட பலன்.

சர்க்கார் மாத்திரை

ஆகாரத்தினால் நிரம்பாததை நிரப்பவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை கொடுக்கப்படுகிறது. மத்திய சர்க்கார் 2014 ஆம் ஆண்டு வகுத்த முறைப்படி, கர்ப்பத்தின் 14 ஆவது வாரம் முதல் பிரசவமாகி ஆறு மாதம் வரையில், தினம் இரண்டு கால்ஷிய மாத்திரை உட்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்ஷியமும் 250 அலகு 'டி' வைட்டமினும் இருக்கும். இது எலும்புக்கு மட்டும் அல்ல. கால்ஷியம் குறைவாக உண்ணும் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி அபாயம் நேராதபடி காப்பதே இதன் முக்கிய நோக்கம். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். கால்ஷியத்தை உணவோடும், இரும்பை இரண்டு மணி நேர இடைவெளி விட்டும் உட்கொள்ளவேண்டும். மாத்திரையை வாங்கி மாடத்தில் வைத்துவிடுவது, ரசீது இல்லாமல் பணம் கட்டியதற்குச் சமானம்.

பிறந்த பின்

குழந்தை பிறந்தவுடன் சீம்பாலும், ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலும் தவிர வேறொன்றும் கொடுக்கவேண்டாம். எலும்பு உறுதிப்படும் என்று நினைத்துப் பசும்பாலைப் புகட்டுவோர் உண்டு. பால் சங்கத்து அங்கத்தினர்களாகிய உங்களிடமே நான் சொல்லுகிறேன்: பசும்பால் தாய்க்கு உரியது, சிசுவுக்கு உரியதன்று. அதில் பாஸ்பரஸ் மிகுதியாயிருப்பதால், பிறந்த சில நாட்களேயான சிசுவின் இரத்தத்திலுள்ள கால்ஷியம் குறைந்து வலிப்புக் காணவும் கூடும்.

தாய்ப்பாலில் வேண்டிய கால்ஷியம் உண்டு. ஆனால் 'டி' வைட்டமின் மிகக் குறைவு. பச்சைக் குழந்தையை உச்சி வெயிலில் கிடத்துவதும் தகாது. ஆகையால் குழந்தை வைத்தியர்கள், முதல் வருஷம் முழுவதும் தினம் 400 அலகு அச்சத்தைத் துளி மருந்தாகக் கொடுக்கும்படி கூறுகின்றனர். கடைகளில் விற்கும் துளி மருந்துகள் எல்லாம் ஒரே வலிவுடையன அல்ல. சிலவற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 400 அலகும், சிலவற்றில் 800 அலகும் இருக்கும். ஆகவே சீசாவைச் செவிலியரிடம் காட்டி அளவைக் குறித்துக்கொண்டு, அதிகமும் குறைவுமின்றிக் கொடுக்கவேண்டும். அளவு மீறினால் இச்சத்தே விஷமாகும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் வந்து சேரவேண்டிய தொகை சேருமுன்னரே அது பிறந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையின் எலும்பு இளந்தண்டைப் போன்றது, எளிதில் முறியக்கூடும். அப்படிப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கால்ஷியமும் பாஸ்பரஸும் வைத்தியர் சொன்ன அளவில் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று என்று குறித்த தேதியில் திரும்பிப் போகாமலிருப்பதும், மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் ஆபத்து. குளிப்பாட்டும்பொழுது கை கால்களை இழுத்து முறுக்குவது, தலைகீழாகப் பிடிப்பது முதலிய வழக்கங்களை எந்தக் குழந்தைக்கும் செய்யலாகாது. குறைமாதக் குழந்தைக்கு ஒருபோதும் கூடாது.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள் சில: உச்சிக்குழி ஒன்றரை வயதாகியும் மூடத் தொடங்காமை, மணிக்கட்டு தடித்தல், விலாவெலும்பின் முனைகள் மணிமாலைபோல் புடைத்தல், நடக்கத் தொடங்கியபின் கால் வில்லாய் வளைதல். இவற்றைக் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். சிசுவுக்கு வலிப்பு வந்தால் தோஷம் என்றும் சீர் என்றும் சொல்லி மந்திரிக்கக் காலம் கடத்தாமல், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். காலத்தில் கண்டால் கணை நோய் பெரும்பாலும் தீரக்கூடியது. கவனியாது விட்ட பெண் குழந்தையோ, வளைந்த எலும்போடும் குறுகிய இடுப்போடும் வளர்ந்து, இருபது வருஷங்களுக்குப்பின் தன் பிரசவத்தில் அந்தப் பழைய கடனைத் தீர்க்கவேண்டியவளாகிறாள்.

சங்கம் செய்யத்தக்கது

இவ்வளவும் கேட்டபின், வைத்தியசாலையார் பார்த்துக்கொள்ளுவார்கள் என்று போய்விடலாகாது. வீட்டில் எவ்வளவு பால் நிற்கவேண்டும் என்பதைச் செவிலியர் தீர்மானிப்பதில்லை. பாற்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற நீங்களே தீர்மானிக்கிறீர்கள். ஆகையால் இக்கூட்டத்தின் யோசனைக்கு நான்கு காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ உள்ள ஒவ்வொரு அங்கத்தினர் வீட்டிலும், அவளுக்கென்று தினம் அரை லிட்டர் பாலை எடுத்துவைத்த பின்னரே மீதியைச் சங்கத்துக்கு ஊற்றுவது. வரவு குறைகிறதே என்று சங்கக் காரியதரிசி முகம் சுளிக்கவேண்டாம். அளவில் குறையும் அந்தப் பால் நஷ்டம் அன்று. அடுத்த தலைமுறையின் பங்குத் தொகை.

இரண்டாவது, கறவை இல்லாத வீட்டுக் கர்ப்பிணிகளுக்கும், கறவை வற்றிய மாதங்களில் அங்கத்தினர் வீட்டாருக்கும், சங்கத்திலிருந்தே பாலைக் கொள்முதல் விலையில் கொடுப்பது. சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து, உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், மிக ஏழைகளுக்கு இலவசமாகவும் கொடுக்கலாம். இதை நிர்வாகக் கமிட்டி தீர்மானமாக எழுதி முறைப்படி அனுமதி பெறவேண்டும்.

மூன்றாவது, கேழ்வரகை மொத்தமாக வாங்கி முளைகட்டி மாவாக்கி விநியோகிக்கும் வேலையை ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவினரோடு சேர்ந்து நடத்துவது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கூட்டிக் கொடுக்க அந்த மாவே உதவும்.

நான்காவது, பால் அளக்கும் இடத்துப் பலகையில், சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளை எழுதிவைப்பது. பால் ஊற்ற இருவேளையும் எல்லா வீட்டாரும் வந்து போகும் இடம் இது ஒன்றுதான். இங்கே எழுதினால் ஊர் முழுவதும் படித்ததாகும்.

அங்கத்தினர்களே! சினை மாட்டுக்கும் கன்று ஈன்ற மாட்டுக்கும் தாது உப்புக் கலவை வேண்டுமென்று நம் சங்கங்களில் ஓயாது சொல்லுகிறோம்; நீங்களும் வாங்கிப் போய்த் தவறாமல் வைக்கிறீர்கள். கன்று ஈன்ற மாடு பால் ஜுரம் கண்டு விழுந்தால், கால்ஷியம் குறைந்ததென்று உடனே அறிந்து வைத்தியரை அழைக்கிறீர்கள். கொட்டிலில் உள்ள பசுவுக்குத் தெரிந்து செய்யும் இந்த உபசாரத்தை, வீட்டில் உள்ள பெண்ணுக்கும் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். இந்நான்கு காரியங்களையும் பற்றி நீங்கள் தாராளமாகக் கலந்து பேசி, இன்றைக்கே தீர்மானம் செய்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் பதியும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அடுத்த தணிக்கைக்கு வரும்பொழுது, பால் வரவோடுகூட, எத்தனை வீடுகளில் தாய்க்குப் பால் நின்றது என்ற கணக்கையும் நான் கேட்பேன்.